குறைந்தால் நல்லது

டெல்லி மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் யார் என்ன உத்தியோகம், எந்த கிரேடு, எப்போது பிரமோஷன் என்பதெல்லாம் காய்கறி வண்டிக்காரன் வரைக்கும் தெரியும். மூன்றாவது மாடி ஜெகனின் வேலைதான் யாருக்கும் புரிந்ததில்லை. வீடு அவன் மனைவி தமிழ்செல்வியின் பேரில் கிடைத்தது. அவள் ஒரு மந்திரி ஆபீஸில் யூ.டி.சி. குமாஸ்தா. இவன் ஏதோ தனியார் கம்பெனி. கேட்டால், "கேஸ்ல ஈரம் இருக்குதான்னு பாக்கற வேலைங்க மாமி" என்பான். மழைக்காலத்தில் துணி காயாவிட்டால் கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி, "ஜெகன் பையாவைக் கூப்பிடு, வந்து அளந்து பார்க்கட்டும்" என்று மாடிப்படியில் நின்று கேலி செய்வாள். அவனும் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

நான் இரண்டாவது மாடி. எங்காத்துக்காரர் சேஷன் ஆடிட்டில் இருக்கிறார். சந்தேகப்படுவதற்கென்றே சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மனுஷர். அவரோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது காரணமில்லாமல் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் உடனே வாயில் போடமாட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போடுவேன்.

ஜெகனும் செல்வியும் திருச்செங்கோட்டுப் பக்கம். பையன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் 'ஏனுங்க, வாங்க, போங்க' மாறவில்லை. ஒரு கோடையில் என் வீட்டில் ஐஸ் தண்ணீர் குடித்தபோது ஜெகன் அந்த எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் காட்டித்தான் தன் வேலையை எனக்கு விளக்கினான்.

"டம்ளருக்கு வெளியால முத்து முத்தா வேர்க்குது பாருங்க. காத்துல இருக்கற ஈரம் குளிர் பட்டதீமு வந்து படியுது. எத்தனை குளிர்ல படிய ஆரம்பிக்குதோ, அதுதாங்க டியூ பாயிண்ட். கேஸு நல்லாக் காஞ்சிருந்தா எத்தனை குளிர் குடுத்தாலும் படியாது. அளவு கீழ போகப் போக நல்லதுங்க. கீழ போச்சுன்னா அன்னைக்கு நிம்மதியா உறங்கலாம்."

ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அடைக்கிற சி.என்.ஜி. கேஸைத்தான் சொன்னான். பம்புகளில் கேஸை உலர்த்துகிற டிரையர் ஒன்று இருக்கும். டிரையரைத் தாண்டி வருகிற குழாயில் இவன் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சென்சாரை மாட்டுவான். வருஷத்துக்கு ஒரு தரம் அதைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு வேறு மாட்டவேண்டும். கைவேர்வை படக்கூடாது. எஃகுக் குழாய்தான் போடவேண்டும். பிளாஸ்டிக் டியூப் என்றால் வெளியிலிருக்கும் ஈரம் அதன் சுவர் வழியாகவே உள்ளே இறங்கிவிடுமாம். உள்ளே அத்தனை அழுத்தத்தில் கேஸ் இருக்கும்போது எப்படி இறங்கும் என்று நான் நம்பவில்லை. "எறங்கும் மாமி, மூடியிருக்குதுன்னு நாமதான் நெனச்சுக்குவோம்" என்றான்.

புதுச் சென்சார் மாட்டினால் உடனே சரியான அளவு காட்டாது. குழாயிலும் மூட்டுகளிலும் ஒட்டியிருக்கிற ஈரம் போகிற வரைக்கும் காய்ந்த கேஸை ஓடவிட்டுக் காத்திருக்கவேண்டும். சில சமயம் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். ஈரத்தைக் கண்டால் அடிக்கிற எச்சரிக்கை மணி அதுவரைக்கும் அலறிக்கொண்டே இருக்குமென்பதால் அதை அணைத்து வைப்பார்கள். அளவு கீழே இறங்கி நின்றதும் பம்பிலிருக்கிற ஆள் போன் செய்வான். ஜெகன் மறுபடி போய் மணியைப் போட்டுவிட்டு வருவான். இதுதான் வழக்கம். இந்த வழக்கத்தில்தான் வினை வந்தது.

டிசம்பர் மாதம் பனிமூட்டம் எதிர்வீட்டை மறைத்திருந்த ஒரு காலை, ரிங் ரோட்டில் இருக்கும் பம்பு ஒன்றில் கேஸ் வரவில்லை. ஈரம் உள்ளே உறைந்து அடைத்துக்கொண்டுவிட்டது. ஆட்டோ வரிசை மேம்பாலம் வரைக்கும் நின்றது. கைகலப்பாகி ஒருத்தன் மண்டை உடைந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தால் டிரையர் கெட்டு இரண்டு நாளாக ஈரக் கேஸ் ஓடியிருக்கிறது. இரண்டு நாள் முன்னால் ஜெகன் மாட்டிய புதுச் சென்சார் அதைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மணி மட்டும் அணைந்து கிடந்தது. அணைத்தவன் ஜெகன்.

"சரியாயிருச்சுன்னு ராம்வீர் போன் பண்ணினான், அதனாலதான் திங்கக்கிழமை போய் மணியெப் போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றான் ஜெகன். ராம்வீர் அந்த பம்பின் ஆபரேட்டர், புலந்த்ஷஹர் பக்கத்து ஆள். "நம்பர் விழுந்ததை நான் சாபுக்குச் சொன்னேன். அவர்தான் பரவாயில்லை, தூங்கு என்றார்" என்றான் அவன். இரண்டு பேரில் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று ஆனது. டிரையர் காண்ட்ராக்டருக்கு அந்த மாதம்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும், அதனால் கோளாறு வெளியே தெரியாமலிருக்க ஜெகன் கையில் ஏதோ வாங்கிக்கொண்டு மணியை அமுக்கிவிட்டான் என்று கம்பெனியில் பேச்சு. விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயசில் திருட்டுப் பட்டத்தோடு வெளியே வந்தால் வேறு எவன் கேஸ் குழாய்ப் பக்கம் சேர்ப்பான்?

அதற்கு முன்பே, தீபாவளிக்கு, அந்தக் காண்ட்ராக்டர் வீட்டிலிருந்து ஜெகனுக்குப் பாதாம், முந்திரி, அத்திப்பழமெல்லாம் வைத்து ஒரு பெரிய டப்பா வந்தது. செல்வி பாதியை எங்களுக்குக் கொடுத்தாள். நானும் அந்தப் பாதாமைத் தின்றவள்தான்.

அந்தச் சனிக்கிழமை வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. பிளாக்குக்கு நடுவிலிருக்கும் புல்வெளியில் பாயை விரித்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கை எடுத்துக்கொண்டாள். தோலைப் பாத்திரத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டாள்.

"என்னடி, புத்தி எங்கே இருக்கு?" என்றேன்.

"மாமி, ஒண்ணு சொன்னா உங்களோட வெச்சுக்குவீங்களா?"

"சொல்லு."

"சென்சார் மாட்டிட்டு வந்த அன்னைக்குப் பொழுதோட ராம்வீர் போன் பண்ணுனப்போ நானும் கேட்டேனுங். இவரு சோறு உண்டுட்டு இருந்தாரு, அரிசிம்பருப்பு. கை எச்சலாயிருக்குதுன்னு நாந்தான் போனெ இவரு காதுல புடிச்சுட்டு நின்னேன். அந்தப் பக்கம் அவன் கத்தறது எனக்கும் நல்லாக் கேட்டுதுங்."

"என்ன சொன்னான்?"

"சாப், கம் ஹோ கயான்னான். கொறஞ்சு போச்சுன்னு சொல்றானுங் மாமி. கேஸு கெட்டுப்போயி நம்பரு கொறஞ்சிருந்துச்சுன்னுதானெ இப்பக் கம்பெனியிலயும் சொல்றாங்க? இவரு என்ன சொன்னாருங்கறீங்க? சிரிச்சுட்டே, கம் ஹோ கயா? பஹுத் அச்சா, ஸோ ஜாவோ, ரொம்ப நல்லது உறங்கு, அப்படின்னாரு."

என் கையிலிருந்த பட்டாணி அப்படியே நின்றது. இரண்டு பேரில் பொய் சொல்கிறவன் யாரென்று எனக்குத் தெரிந்துபோன மாதிரி இருந்தது.

"ஜெகன்கிட்ட நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிப்போட்டார்னா?"

பொய் சொன்னால்கூட ஒரு பெண்டாட்டி சமாளித்துக்கொள்வாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மனுஷனுக்கு எப்படிச் சோறு போடுவது?

விசாரணை தொடங்கியதிலிருந்தே அவளுக்கு எல்லாமே சந்தேகமாகிவிட்டிருந்தது. வீட்டிலிரு என்று சொல்லப்பட்ட மனுஷன் தினமும் காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினான். எங்கே என்றால், "சும்மாதான்" என்றான். ராத்திரி தட்டில் பாதியை ஒதுக்கினான். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். முன்பெல்லாம் எப்படி வைப்பான் என்று செல்விக்கு ஞாபகமில்லை. "எப்பவுமே கவுத்துத்தான் வெப்பாரோ என்னமோ, இப்பத்தானுங் என்ற கண்ணுல படுது" என்று அவளே சொன்னாள். சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் தும்முவதுகூட ஜாடையாகத்தான் தெரியும்.

மறுநாள் இரண்டு பேரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், காப்பிப்பொடி எல்லாம் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். வழியில் டிரைவர் கேஸ் போட வரிசையில் நிறுத்தினான். அதே பம்பு. நாங்கள் இறங்கி ஓரமாக நின்றோம். பம்பு என்றும் பார்க்காமல் டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தானாகவே ஆரம்பித்தான்.

"உஸ் தின் யஹாங் கேஸ் மே பானி தா, மாதாஜி. கிஸீ மதராஸீ நே காயா ஹை." கேஸில் தண்ணீராம், எவனோ ஒரு மதராசிக்காரன் தின்றுவிட்டானாம்.

"துமே கைஸே பதா?" என்றேன் கோபமாக, உனக்கெப்படித் தெரியும் என்று.

"ஸப் போல்தே ஹைங்" என்றான். எல்லோரும் சொல்கிறார்களாம். நெருப்பில்லாமல் புகையுமா என்று அவன் பாஷையில் ஒன்று சொல்லிவிட்டுப் புகையை ஊதினான். நாங்கள் மதராசிக்காரர்கள் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, ஆனாலும் அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

செல்வி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஜெகன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காக்கி ஜாக்கெட் போட்ட ஒல்லியான ஆள். ஜெகன் குனிந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் போய் ஏதோ சொல்கிறான். அந்த ஆள் தலையை ஆட்டி ஆட்டி மறுக்கிறான். ஜெகன் அவன் தோளில் கை வைத்தான். அவன் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டான்.

"அவந்தான் ராம்வீரு" என்றாள் செல்வி. "பேச்சை மாத்திச் சொல்லச் சொல்றாரு போலிருக்குதுங் மாமி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? பனைமரத்தடியில் உட்கார்ந்து பால்தான் குடித்தேன் என்றால் நம்புவதற்கு எதிரில் ஒரு பசுமாடாவது நிற்கவேண்டும். முருங்கைக்காயை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நாலைந்து நாள் கழித்து, விடுமுறை நாளொன்றில், ஜெகனின் மேனேஜர் ஸ்ரீவத்ஸன் வீட்டுக்கே வருகிறார் என்று தகவல். "மாமி, நீங்களும் வந்து இருங்க, எனக்குக் கையே ஓடலெ" என்று செல்வி கூப்பிட்டாள். டிகாக்ஷன் போடுகிற சாக்கில் மேலே போனேன். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை என்பது வேறு.

ஸ்ரீவத்ஸன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் ஹிந்தியில் இறங்கி ஏறவேண்டும். ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெகன் கட்டில் ஓரத்தில். செல்வி சமையலறை வாசலில் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால்.

"காஃபி ஃபர்ஸ்ட் கிளாஸ், பாபிஜி" என்று ஆரம்பித்தார். "ஜெகன், டென்ஷன் மத் லோ. நான் மேலே பேசிட்டேன். அந்த ராம்வீர் இருக்கானே, ஒரு நம்பர் ஜூட்டா, வெறும் பொய். நேத்திக்கே அவனை வேலையிலேர்ந்து நிகால் தியா. நீங்க பத்து வருஷமா நம்ம ஆள். அவன் பேச்சைக் கேட்டு உங்களை எப்படி அனுப்பறது? ஃபைலை மூடிடலாம். சும்மா ஒரு வார்த்தை உங்க வாயால கேட்டுண்டு போலாம்னு வந்தேன். போன்ல அவன் ஈரம்னு சொல்லலே, இல்லையா?"

"சொல்லலீங்க சார். எல்லாஞ் சரியாயிருச்சுன்னுதான் சொன்னான். நானும் இத்தனெ நாளா அவன்கிட்டப் போயிக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன், யாரு உன்னயப் பொய் சொல்லச் சொன்னான்னு. வாயெத் தொறக்க மாட்டீங்கறான்."

"எப்படித் தொறப்பான்? நேத்து வந்து அழறான், பச்சே தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்றான், நான் சொன்னேன் சொன்னேன்னு. ஃபுல் டிராமா."

காரியம் முடிந்துவிட்டது. செல்வி பேசாமல் நின்றிருந்தால் போதும். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தால் அதோடு சரி. நான் அவள் புடவைத் தலைப்பைக்கூட லேசாக இழுத்தேன். அவள் ஒரு அடி முன்னால் போனாள்.

"அவன் பொய் சொல்லலீங்க சார்" என்றாள்.

ஜெகன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஸ்ரீவத்ஸன் வாசலில் கழற்றி விட்டிருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போனெ நாந்தானுங்க இவரு காதுல புடிச்சிருந்தேன். கம் ஹோ கயான்னு அவன் சொன்னான். கம் ஹோ கயா, பஹுத் அச்சா, ஸோ ஜாவோன்னு இவரு சொன்னாரு. அந்த மனுசன் கொழந்தெ மேல சத்தியம் பண்ணுனது நெசந்தானுங்க. அவன் வயித்துல அடிக்காதீங்க."

ஸ்ரீவத்ஸன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஜெகன், இது என்ன? அப்போ அவன் சொல்லியிருக்கான். நீங்க நல்லதுன்னு சொல்லியிருக்கேள்."

செல்வி அழ ஆரம்பித்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டின் சோற்றில் மண் விழுந்துவிட்டதென்றே நினைத்தேன். ஜெகன் மட்டும் அசையவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்முன்னா சொன்னான்? அந்த வார்த்தையா?"

"அதேதானுங்" என்றாள் விம்மிக்கொண்டு.

"டீக் ஹோ கயா, செரியாயிருச்சுன்னு சொல்லலெ?"

"இல்லீங். கம் ஹோ கயா."

அவன் எழுந்து நின்றான். நெற்றியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்துக்கொண்டான்.

"சார், நாம பம்புல டியூ பாயிண்டெ வெறும் நாப்பதுன்னுதானுங்களே சொல்லுவோம்? மைனஸ் நாப்பதுன்னு யாரு சொல்றா? நீங்க சொல்லுவீங்களா?"

"நான் எதுக்கு... ஸப் கோ பதா ஹை, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் ஸ்ரீவத்ஸன்.

"அதாங்க சார். நான் கெளம்பறப்போ அது நாப்பதுல நின்னுச்சு. இன்னும் கம் ஆகும், ஆனதும் போன் பண்ணுன்னு அவன்கிட்டச் சொல்லிப்போட்டு வந்தேன். எனக்குக் கம்முன்னா மைனஸ் நாப்பது மைனஸ் அம்பது ஆகறது. கீழ போறது, நல்லாக் காயறது. அவன் மைனஸெப் பாக்கலெ. நாப்பது இருபது ஆச்சு, அவனுக்கு அதுதானெ கம்? அன்னைக்கு டிரையர் கெட்டுப்போயி, ஈரமாயி, மைனஸ் இருபதுக்கு ஏறியிருக்குது. நான் சொன்ன மாதிரியே ஆயிருச்சுன்னு அவன் சந்தோசமாப் போன் பண்ணியிருக்கறான். கம் ஹோ கயா. நானும் சந்தோசப்பட்டு உறங்குடான்னு சொல்லியிருக்கறேன். தெனமும் பத்து போன் வருது, எந்த வார்த்தை சொன்னான்னு எனக்கு நெனப்பிருந்தாத்தானுங்களே?"

ஸ்ரீவத்ஸன் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். இரண்டு தரம் போட்டார். அப்புறம், "ஓ" என்றார்.

"ஏன்டாப்பா, அந்த மைனஸைச் சொல்லித் தொலைச்சா என்ன?" என்றேன் நான்.

"எல்லாமே மைனஸ்தானுங்களே மாமி. எப்பவும் இருக்கறதெ எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டோம்."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. எத்தனை என்று நம்பர் கேட்காதது ஜெகனின் தப்பு, எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார் ஸ்ரீவத்ஸன். ராம்வீருக்குப் போன் போட்டார்கள்; அணைத்து வைத்திருந்தான். நானே அவன் ரூமுக்குப் போய்க் கூட்டிவருகிறேன் என்றான் ஜெகன். மேனேஜர் செருப்பு மாட்டுகிற மாதிரி ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, "பாபிஜி, தேங்க்ஸ். நீங்க சொல்லலேன்னா தெரிஞ்சே இருக்காது" என்றார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை நாளுக்கப்புறம் அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று மனசுக்குள் முடிந்துகொண்டேன்.

மேனேஜர் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்த ஜெகன் நின்றபடியே கேட்டான்.

"அன்னைக்கே கேட்டிருக்கறே. இத்தனெ நாளா ஏன் என்கிட்டச் சொல்லலெ?"

"நீங்க மாட்டிக்குவீங்கன்னுதான்."

"நான் வாங்கித் தின்னுட்டேன்னு நெனச்சே."

அவள் டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள்.

"செரி, நெனச்சே. நானும் ராம்வீரெ அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்கு ஏன் சொன்னே? அவரு பைலெ மூடறேன்னுதானெ சொல்லிட்டிருந்தாரு?"

"அந்த மனுசன் பாவம்னு..."

"அதில்லெ. நீ வாயெத் தொறக்கறப்போ, நான் தப்பிச்சுக்குவேன்னு நெனச்சுச் சொன்னியா, மாட்டிக்குவேன்னு நெனச்சுச் சொன்னியா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹீட்டர் கம்பி சிவந்து முனகிக்கொண்டிருந்தது.

"மாட்டிக்குவீங்கன்னுதானுங்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பி, "மாமி, உங்க காப்பி ஆறிப்போச்சு பாருங்க, வேற போடச் சொல்லட்டுங்களா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் அவள் செய்தது பெரிய காரியம். புருஷனே போனாலும் போகட்டும், ஒரு ஏழைக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று நினைக்க எத்தனை பேரால் முடியும்? அந்த வார்த்தையால்தான் ஜெகனும் களங்கமில்லாமல் பிழைத்தான். ஆனால் பிழைத்தவனுக்கு அது மட்டுமா தெரியும்? சேஷனிடம் சொன்னேன். "இரண்டு பேரும் சரிதான். அதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ராம்வீர் வேலைக்குத் திரும்பிவிட்டான். ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாதென்று கொஞ்சம் புளியோதரை வைத்திருந்தேன். ஜெகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் செல்வி. வாங்க மாமி என்று இரண்டு பேருமே சொன்னார்கள், நல்ல முகத்தோடுதான் சொன்னார்கள். கீரைக்கட்டு விலையைப் பற்றிப் பேசினோம்.

அப்போது அவன் போன் அடித்தது. அவன் இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டி, போனைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தான். "மைனஸ் பயாலீஸ் சாப், மைனஸ்" என்று ராம்வீர் கத்தியது மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். மைனஸ் நாற்பத்திரண்டு என்று இவன் நம்பரைத் திருப்பிச் சொன்னான். ராம்வீர் வேறு ஏதோ வால்வைப் பற்றி ஆரம்பித்தான். செல்வி ரசம் எடுத்துவர எழுந்தாள்.

"எங்க போறே? உக்காரு" என்றான் ஜெகன், குரலை உயர்த்தாமல். "முழுசாக் கேட்டுட்டுப் போ. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நீதானெ சொல்லோணும்?"

அவள் உட்கார்ந்து, போன் பேசி முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.